ஆறாவது குறிப்பு

பேசாமல் கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டு வந்துவிட வேண்டுமாம். பெற்ற மகள் சொல்கிறாள். “அப்பா, உங்களக் கும்புட்டுக் கேக்கறேன், அங்க போயி வாயத் தொறக்காதீங்க, அவங்க காட்டுற எடத்துல போட்டுட்டு மேதினியக் கூட்டிட்டு வந்துருங்க” என்று காலையில் பனியன் கம்பெனி வேனின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டே தேன்மொழி சொன்னாள், உள்ளே இருந்த பெண்கள் சிரித்தார்கள், அவள் அப்பனுக்கு வாய் அதிகம் என்பது கம்பெனி வேன் வரைக்கும் தெரிந்திருக்கிறது, தெரியட்டும், இந்த வாய் திறந்ததால்தான் மில்லில் பஞ்சப்படி வந்தது, பிரசவ விடுப்பு வந்தது, அந்த விடுப்பில்தான் இவளைப் பெற்றுவிட்டு இவள் அம்மா மூன்று மாதம் வீட்டில் இருந்தாள். மூடிய வாய்களுக்கு என்ன வந்தது? தீபாவளிக்கு ஒரு ஸ்வீட் பாக்கெட் வந்தது. இப்போது நான் வாயை மூடிக்கொண்டு இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், பெஞ்சு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகச் செய்தது, முழங்கால் நெஞ்சை இடிக்கிறது, எழுபத்து நாலு வயதுக்காரன் வந்து உட்காருவான் என்று எவனும் நினைக்கவில்லை. மாநகராட்சிப் பள்ளியின் பின்பக்கம் இரண்டு அறைகளை ஒதுக்கி வாசிப்பு உதவி மையம் என்று பலகை மாட்டியிருக்கிறார்கள், கீழே சின்ன எழுத்தில் உளவியல் ஆலோசனை, பெரிதாகப் போட்டால் சனங்கள் உள்ளே வரமாட்டார்கள் என்கிற பயம். சுவரில் ஒட்டகச்சிவிங்கி, அதன் கழுத்து நெடுக அ ஆ இ ஈ. பக்கத்தில் சிரிக்கிற சூரியன், சிரிக்கிற மேகம், சிரிக்கிற பென்சில், இந்தக் கட்டடத்தில் எல்லாமே சிரிக்கிறது, பெஞ்சில் இருக்கிற தாய்மாரைத் தவிர. ஐந்து பேர் இருக்கிறார்கள், ஐந்து பேரும் செல்போனைத் தேய்க்கிறார்கள், ஒருத்தி இன்னொருத்தியிடம் உங்கள் பிள்ளைக்கு என்ன என்று கேட்கவில்லை, ஒரே துன்பம் ஐந்து பேருக்கும், ஐந்து தனித்தனிப் பொட்டலமாக உட்கார்ந்திருக்கிறார்கள், இவர்களை வைத்துக்கொண்டு ஒரு தண்ணீர்க் குழாய்க்குக்கூடப் போராட முடியாது.

கதவு பாதி திறந்திருக்கிறது. பேத்தி மேதினியின் பின்தலை தெரிகிறது, இரட்டைப் பின்னல், ஒன்று மேலே ஒன்று கீழே, நான் போட்டுவிட்டது. எதிரில் அந்தப் பெண், பெனீட்டா என்று பெயர், உளவியல் படித்தவளாம், என் மகளைவிடப் பத்து வயது சின்னவளாக இருப்பாள், கையில் ஸ்டாப்வாட்ச். ஸ்டாப்வாட்ச்! அதைப் பார்த்ததும் பல்லைக் கடித்தேன். எழுபத்தெட்டில் இப்படி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் பம்பாயிலிருந்து வந்தான், வேலைப்பளு ஆய்வு என்று பெயர், ஸ்பின்னிங்கில் மாரக்காள் பின்னால் நின்றுகொண்டு அறுந்த இழையை ஒட்ட அவளுக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று அளந்தான், அளந்துவிட்டு எழுதினான், எழுதியதைத் தமிழில் சொன்னால் மாரக்காளின் விரல் குறைபாடுள்ள விரல். மெஷினை யார் முறுக்கி வேகமாக ஓட்டியது என்று அந்தத் தாளில் ஒரு வரி இல்லை. அந்தக் கடிகாரத்தைப் பற்றி மட்டும் நாலு பக்கத்தில் துண்டுப்பிரசுரம் போட்டேன், மூன்றாம் நாள் அவன் சாப்பாட்டுக் கேரியரைக்கூட எடுக்காமல் ஸ்டேஷனுக்கு ஓடினான். இன்று என் பேத்தியை அதே கடிகாரத்தை வைத்து அளக்கிறார்கள், நான் வெளியே ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். குறைபாடு, கற்றல் குறைபாடு, பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடிதத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. அறுபது பிள்ளைக்கு ஒரு வாத்தியார், அந்த வாத்தியாரும் பாதி நாள் வாக்காளர் பட்டியல் எடுக்கப் போய்விடுவார், அது குறைபாடு இல்லை. ஒன்பது வயசுப் பிள்ளைக்குத்தான் குறைபாடு. என் காலத்தில் படிக்காத பிள்ளைக்குப் பிரம்படி கிடைத்தது, இப்போது ஒரு ஃபைல் கிடைக்கிறது, அடியாவது மறுநாள் ஆறிவிடும். ஆனால், ஆனால் என்று ஒன்று நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது, இவளுக்கு எழுத்து வராமலே போய்விட்டால்? பதினாறு வயதில் அம்மாவோடு அதே வேனில் ஏறுவாள், பிசிறு வெட்டுவாள், காலையிலிருந்து ராத்திரி வரை சட்டைகளின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற நூலைக் கத்தரித்துப் போடுவாள், சென்னியப்பன் பேத்தி. மில்லில் எங்களோடு இருந்து எங்களையே காட்டிக்கொடுத்த வரதராஜுலுவின் பேரன் கனடாவில் இருக்கிறானாம். அந்த நாயின் பேரன்.

அவளைப் படிக்க வைக்க நான் ஒன்றும் செய்யவில்லை என்று எவனாவது சொல்லட்டும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, மீதி முழுக்கத் துண்டுப்பிரசுரம்தான், மஞ்சள் தாள், ரோஸ் தாள், தொட்டால் கட்டை விரலில் மை ஒட்டும், உபரி மதிப்பு என்ற சொல்லை நான் எந்த வகுப்பறையிலும் படிக்கவில்லை, பஞ்சு மூட்டை மேல் உட்கார்ந்து ஒரு ரோஸ் தாளில் படித்தேன். பத்தொன்பது வயதில் பெரிய தோழர் என் கையில் ஒரு பிரசுரத்தைக் கொடுத்து மில் கேட்டில் ஏற்றிவிட்டார், படிடா என்றார், முந்நூறு பேர், மூன்றாம் வரியில் தடுக்கினேன், முந்நூறு பேரும் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பு போதும், அடுத்த வாரம் ஒரு வார்த்தை தடுக்கவில்லை. நாக்கு கூட்டத்தின் முன்னால்தான் திருந்தும், இது என் கொள்கை. அதனால்தான் சாயங்காலம் ஆறு மணி ஆனால் மேதினியை நடு வீட்டில் நிறுத்துவேன், ரங்கண்ணனும் பொன்னுசாமியும் வந்துவிடுவார்கள், இரண்டு பேரும் மில்லில் என்னோடு இருந்தவர்கள், செய்தித்தாளைக் கையில் கொடுத்து, படி கண்ணு, தாத்தா ரெண்டு பேருக்கும் கேக்குற மாதிரி படி என்பேன். வாயைத் திறக்கமாட்டாள். பாவாடை ஓரத்தை முறுக்குவாள், கண் மட்டும் தாளில் நிற்கும், திமிர் என்று நினைத்தேன், திமிர் என்றே சொன்னேன், என் வம்சத்தில் திமிர் இருப்பதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. பிறகு ஒருநாள், இந்த ஆடி மாசம், திடீரென்று படித்தாள். பஸ் கட்டண உயர்வைக் கண்டித்துத் தலையங்கம், மூச்சு விடாமல், உழைக்கும் மக்களின் முதுகில் ஏறிச் சவாரி செய்யும் இந்த அரசு என்று கையை ஆட்டிக்கொண்டு, ரங்கண்ணன் கைதட்டினான், பொன்னுசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டான், நான் எழுந்து போய் அவள் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தால் ஒரு பக்கம் நகைக்கடை விளம்பரம், இன்னொரு பக்கம் ராசிபலன். அவள் படித்தது அத்தனையும் நான் அதற்கு முந்தின வாரம் டீக்கடையில் பேசியது. ஒரு சொல் பிசகாமல். நான் சிரித்தேன். வேறு என்ன செய்வது, மூன்று கிழவர்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம், ராசிபலன்ல பஸ் கட்டணம் ஏறிருச்சுடோய் என்றான் பொன்னுசாமி. அவள் சிரிக்கவில்லை. முந்நூறு பேர் சிரித்தபோது நான் அடுத்த வாரம் திருந்தினேன், மூன்று பேர் சிரித்ததற்கு இவள் திருந்தவில்லை. அதற்குப் பிறகு ஆறு மணியானால் அவளுக்கு வயிறு வலிக்கும், நடிப்பு என்று எனக்குத் தெரியும், வேலை நிறுத்தத்தில் எத்தனை வயிற்று வலியைப் பார்த்தவன் நான்.

“மேதினியோட தாத்தா?” கூப்பிடுகிறாள். தாத்தாவாம். மேதினிக்கே நான் அப்புச்சிதான். எனக்குப் பெயர் இருக்கிறது, இந்த ஊர்க் காவல் நிலையத்தில் பதினாறு இடத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். உள்ளே போகிறேன், மேதினி எழுந்து என்னைப் பார்க்காமல் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே குழாய்ப் பக்கம் போகிறாள். “உக்காருங்க ஐயா. மேதினி ரொம்ப புத்திசாலி” என்கிறாள் பெனீட்டா. “அது எங்களுக்குத் தெரியும்மா. அதக் கண்டுபிடிக்கவா ரெண்டு மணி நேரம்?” அவள் சிரிக்கிறாள், சிரிப்பதற்கு இவளுக்குப் பயிற்சி கொடுத்திருப்பார்கள், சுவரில் இருக்கிற சூரியனும் இவளும் ஒரே முகாமில் படித்திருப்பார்கள். “கேக்குறது, ஞாபகம், பேச்சு எல்லாமே வயசுக்கு மேல. எழுத்த மட்டும் கண்ணு பிடிக்க மாட்டேங்குது. சோம்பேறித்தனம் இல்ல ஐயா, திமிரும் இல்ல.” திமிர் என் சொல். இவளுக்கு எப்படிக் கிடைத்தது? மேசையைப் பார்க்கிறேன், வண்ண அட்டைகள், மரக் கட்டைகள், ஒரு பெட்டியில் ஈர மணல், மணலில் விரலால் எழுதிய பெரிய ‘ம’. பல்கலைக்கழகத்தில் ஐந்து வருடம் உட்கார்ந்து, மணலில் எழுதப் பழக்குவதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். “தனி வகுப்புல எட்டுப் பிள்ளைங்கதான் ஐயா. ஏழு இடம் முடிஞ்சிருச்சு. இன்னைக்கு சம்மதம் கையெழுத்து ஆனா திங்கக்கிழமை மேதினி ஆரம்பிச்சிரலாம். இல்லைன்னா அடுத்த வருஷந்தான், அதுக்குள்ள அவ அஞ்சாவது போயிருவா, அப்புறம் ரொம்பக் கஷ்டம்.” ஒரு தாளை நீட்டுகிறாள். ஒரே பக்கம், ஏழு குறிப்புகள், கீழே கோடு. கோட்டைப் பார்த்ததும் என் கை பின்னால் போகிறது, அது பழக்கம், எந்த அறையில் தாளை நீட்டுகிறார்களோ அந்த அறையில் கையெழுத்துப் போடுவதில்லை, நிர்வாகத்தின் மின்விசிறிக்குக் கீழே போடுகிற கையெழுத்து நிர்வாகத்தின் கையெழுத்து. “ரூமுக்குள்ள போடற பழக்கம் எங்களுக்கு இல்லைம்மா. வெளிய வெச்சுப் படிச்சுப் பாத்துட்டு வர்றேன்.” “தாராளமா படிங்க. ஆனா மனசுக்குள்ள படிங்க ஐயா. குழந்தை காதுல விழ வேணாம், மத்தவங்களுக்கும் வேணாம்.” மனசுக்குள் படிப்பதாம். இந்த நாட்டில் தொழிலாளியின் கழுத்தை அறுத்த தாள்கள் எல்லாம் எவனோ ஒருவன் மனசுக்குள் படித்தவைதான். எங்கள் மில்லில் ஒப்பந்தம் என்றால் கேட்டில் வைத்து, எல்லார் காதிலும் விழும்படி, முதல் ஷரத்திலிருந்து கடைசி வரை, ஒன்றையும் விழுங்காமல் படிக்க வேண்டும், படித்த பிறகுதான் கையெழுத்து. எண்பத்து மூன்றில் வரதராஜுலு ஒன்பதாவது ஷரத்தை விழுங்கினான், பத்தை ஒன்பது என்று மாற்றிப் படித்தான், கூட்டம் கைதட்டிக் கலைந்தது, மறுநாள் காலையில் நிரந்தரம் ஆகாத பதிலித் தொழிலாளி அறுபது பேருக்குக் கேட் திறக்கவில்லை, அதுதான் ஒன்பதாவது. அதற்குப் பிறகு இருபது வருஷம் அவன் உட்கார்ந்த டீக்கடையில் நான் உட்காரவில்லை, அவன் சாவுக்கும் போகவில்லை, போகிறவர்களையும் போகவிடவில்லை.

வெளியே வருகிறேன். பெஞ்சில் பச்சைச் சேலை கட்டிய ஒருத்தி செல்போனிலிருந்து தலையைத் தூக்குகிறாள். “என்னங் பெரியவரே எழுதியிருக்காங்க? எங்களுக்கும் போன வாரம் குடுத்தாங்க, ஒண்ணும் வெளங்கல, எங்கூட்டுக்காரரு படிச்சுட்டு ஒண்ணுஞ் சொல்லாம பீரோவுல வெச்சுப் பூட்டிட்டாரு. பைத்தியம்னு எழுதிப்போட்டுட்டாங்களோன்னு எனக்குப் பயமா இருக்குதுங்.” பீரோவில் வைத்துப் பூட்டினானாம்! பார், இப்படித்தான், ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பீரோ, ஒரு தாளைச் சேர்ந்து படித்திருந்தால் ஐந்து பேருடைய பயமும் பாதியாகக் குறையும். “இதுல என்னம்மா இரகசியம்? அவங்க எழுதறது, நம்ம புள்ள, எல்லாருக்குந் தெரியட்டும்” என்று பெஞ்சுக்கு எதிரில் வந்து நிற்கிறேன், கண்ணாடியைத் துடைத்துப் போடுகிறேன், தொண்டையைச் செருமியதும் ஐந்து செல்போனும் மடியில் இறங்குகின்றன, எத்தனை வருஷம் ஆயிற்று, ஐந்து முகம்தான், இருந்தாலும் முகம். “ஒன்று. மேதினி, வயது ஒன்பது, நான்காம் வகுப்பு. கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனும் நினைவாற்றலும் வயதுக்கு மேற்பட்டவை. இரண்டு. வாசிப்பு முதல் வகுப்பு நிலையில் உள்ளது.” அடப்பாவமே என்கிறாள் ஒருத்தி. குரல் ஏறுகிறது, குரல் எனக்கு அடங்கியதே இல்லை, கூரை ஓட்டில் மோதித் திரும்பி வருகிறது, நன்றாகத்தான் இருக்கிறது. “மூன்று. நிமிடத்துக்குப் பதினோரு சொற்கள் வாசிக்கிறாள், அவற்றில் நான்கு பிழை.” பாத்தீங்களா கடிகாரத்த என்று நடுவில் சொல்கிறேன், யாருக்கும் புரியவில்லை, பரவாயில்லை. “நான்கு. சொல்லின் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்துச் சொல்கிறாள். ஐந்து. வகுப்பில் வாசிக்க அழைக்கும்போது கழிப்பறைக்குச் செல்ல அனுமதி கேட்கிறாள், மற்ற பிள்ளைகள் கேலி செய்வதால் இடைவேளையில் தனியாக இருக்கிறாள்.” தனியாக இருக்கிறாளா? எனக்கு யாரும் சொல்லவில்லையே. நிற்கக் கூடாது, படிக்கும்போது நின்றால் கூட்டம் நழுவும், அடுத்தது ஆறு, கண் வாயை முந்தி ஓடிப்போய் ஆறாவது குறிப்பைத் தொட்டுவிட்டது. ‘ஆறு. எழுத்தைப் பார்த்ததும் அப்புச்சி சிரிக்கிற சத்தம் காதில் கேட்கிறது என்று குழந்தை சொல்கிறாள். வீட்டில் பிறர் முன்னிலையில் வாசிக்கச் சொல்வதை உடனே நிறுத்த வேண்டும். குழந்தையின் அச்சத்துக்கு இதுவே முதன்மைக் காரணம்.’ முதன்மைக் காரணம். இது யார் எழுதியது, எவள் எழுதியது, இருபத்தைந்து வயசுப் பெண், மணல் பெட்டிக்காரி, என்னை, என்னை முதன்மைக் காரணம் என்று, இந்த ஐந்து பேர் முன்னால், அந்தச் சிரிப்பு பாசத்தில் சிரித்தது, பேத்தியின் சாமர்த்தியத்தைப் பார்த்துச் சிரித்தது, இவளுக்கு என்ன தெரியும், ஐந்து முகமும் என் வாயைப் பார்க்கின்றன, பச்சைச் சேலை கழுத்தை நீட்டுகிறாள், ஒரு விநாடி, ஸ்டாப்வாட்ச் இருந்தால் அளந்திருக்கலாம், ஒரே விநாடிதான். “ஆறு” என்கிறேன், “தனி வகுப்பு வாரம் ஐந்து நாள், மாலை நான்கு முதல் ஐந்து வரை. பெற்றோர் சம்மதம் தேவை.” அது ஏழாவது. தாளை மடிக்கிறேன். ஒருவருக்கும் தெரியவில்லை. இவ்வளவு சுலபமா இது? வரதராஜுலுவுக்கும் இவ்வளவு சுலபமாகத்தான் இருந்திருக்குமா, நாக்கு ஒரு இடத்தில்கூடத் தடுக்காமல், எண் தானாக மாறி, உமிழ்நீரோடு உள்ளே இறங்கி?

“ஏழு இருக்குதுங் அப்புச்சி.” பின்னால் நிற்கிறாள். கையில் பாட்டில், பாட்டிலிலிருந்து தண்ணீர் வழிந்து கால் விரலில் சொட்டுகிறது, எவ்வளவு நேரமாக நிற்கிறாள்? “மேடம் எழுதி முடிச்சு எனக்குப் படிச்சுக் காட்டுனாங்க. சரியான்னு கேட்டாங்க. ஏழு. நீங்க ஆறுதான் படிச்சீங்க.” “பக்கந் திருப்பறப்ப விட்டுப்போச்சு கண்ணு.” “ஒரே பக்கந்தானுங்க.” ஆமாம், ஒரே பக்கம்தான். போலீஸ் அதிகாரி முன்னால், லேபர் கமிஷனர் முன்னால் தடுக்காத பொய், பாட்டில் பிடித்த பிள்ளை முன்னால் செத்து விழுகிறது. அவள் கோபப்படவில்லை, அழவில்லை, அதுதான் கஷ்டம், பள்ளிக்கூட மணி மாதிரி ஒரே சுருதியில் சொல்கிறாள், எழுத்துக்கு எழுத்து அந்தத் தாளில் உள்ளபடி, “எழுத்தைப் பார்த்ததும் அப்புச்சி சிரிக்கிற சத்தம் காதில் கேட்கிறது என்று குழந்தை சொல்கிறாள்,” அங்கே நிறுத்தி மூச்சு வாங்கி, “குழந்தைன்னா நாந்தான்” என்று பெஞ்சைப் பார்த்து விளக்கம் சொல்லி, மீதியையும் சொல்லி முடிக்கிறாள், முதன்மைக் காரணம் வரை. பச்சைச் சேலைக்காரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்துகிறாள், பிறகு பொத்திய கையை எடுத்துவிட்டுச் சொல்கிறாள், “ஏனுங் பெரியவரே, புள்ளையப் பத்தி அஞ்சும் ஊருக்கே கேக்குற மாதிரி படிச்சீங்களே, உங்களப் பத்தி வந்ததும் கண்ணு தெரியலீங்களாக்கும்?” நியாயமான கேள்வி. கூட்டத்தில் இப்படி ஒருத்தி எப்போதும் இருப்பாள், அவளை நம்பித்தான் நாங்கள் கேட்டில் படித்தோம். முதல் ஐந்தும் இவளைப் பற்றியது, பதினோரு சொல், நாலு பிழை, கழிப்பறை, கேலி, அதில் ஒரு சொல்லை நான் விழுங்கவில்லை, கூரை அதிரப் படித்தேன், இந்தப் பெஞ்சில் இருக்கிறவர்களின் பிள்ளைகளோடுதான் திங்கட்கிழமை இவள் உட்காரப் போகிறாள் என்று என் மண்டையில் ஒரு தடவை உறைக்கவில்லை. விழுங்கியது ஒன்றுதான், என்னுடையது. வரதராஜுலுவாவது நிர்வாகத்துக்காக விழுங்கினான், அவனுக்கு அதில் ஏதாவது வந்திருக்கும். எனக்கு என்ன வந்தது?

பெனீட்டா வாசலுக்கு வந்துவிட்டாள். இப்போது சிரிக்கவில்லை. “வேணாம்னு சொன்னேனே ஐயா” என்கிறாள், அவ்வளவுதான், திட்டினால்கூட நன்றாக இருக்கும், திட்டினால் எனக்குப் பதில் இருக்கிறது. “நான் இந்தக் கிளாசுக்கு வரல” என்கிறாள் மேதினி, என்னிடம் இல்லை, பெனீட்டாவிடம். “எல்லாருக்குந் தெரிஞ்சுபோச்சு. நான் வரல.” பெனீட்டா குனிந்து ஏதோ சொல்கிறாள், இங்கே வருகிற எட்டுப் பேருக்கும் இதே கஷ்டம்தான், யாரும் சிரிக்கமாட்டார்கள் என்கிறாள், மேதினி தலையை ஆட்டுகிறாள், இரண்டு பின்னலும் ஆடுகின்றன, மேலே ஒன்று, கீழே ஒன்று. அடுத்த வருஷம், அஞ்சாவது, ரொம்பக் கஷ்டம். வேனில் ஏறுகிற கால் ஒன்று கண்ணுக்குள் வந்து நிற்கிறது, அது தேன்மொழியின் கால் இல்லை. தரையில் உட்காருகிறேன், முழங்கால் சத்தம் போடுகிறது, இவள் உயரத்துக்கு வந்தால்தான் முகம் தெரிகிறது. எனக்குக் கெஞ்சத் தெரியாது, கெஞ்சுகிறவனைப் பார்த்தால் காறித் துப்பியிருக்கிறேன், எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு கேள்விதான், அதையே கேட்கிறேன். “செரி கண்ணு. என்ன செஞ்சா உள்ள போவே? கோரிக்கை என்ன, சொல்லு.” யோசிக்கிறாள். உண்மையாகவே யோசிக்கிறாள், பாட்டிலின் மூடியைத் திறந்து மூடித் திறந்து. “சாயங்காலம் படிக்கச் சொல்லக்கூடாது.” “செரி.” “ரங்கண்ணத் தாத்தாகிட்டயும் பொன்னுசாமித் தாத்தாகிட்டயும் இதச் சொல்லக்கூடாது.” “செரி.” “நீங்க இங்க கூட்டிட்டு வரக்கூடாது. நான் பக்கத்து வூட்டு அக்காகூட வந்துக்குவேன்.” “செரி கண்ணு.” “அப்புறம்,” என்கிறாள், இப்போதுதான் என்னை நேராகப் பார்க்கிறாள், “எனக்குப் படிக்க வந்துட்டாலும் உங்ககிட்டச் சொல்லமாட்டேன். நீங்களுங் கேக்கக்கூடாது. எப்பவுமே.” எப்பவுமேயா? “ஒரே ஒரு தடவ கண்ணு. ஒரு வருசங் கழிச்சு. ஒரே ஒரு வரி.” “இல்லீங்.” “அம்மாகிட்டச் சொல்லி, அம்மா எனக்குச் சொன்னா?” “இல்லீங் அப்புச்சி.” நாற்பது வருஷம் மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்து எத்தனை முதலாளிகளிடம் நான் இந்த முகத்தைக் காட்டியிருக்கிறேன், இதற்கு மேல் பேச்சு இல்லை என்கிற முகம், அதற்கு எதிரில் உட்காருவது இப்படி இருக்கும் என்று தெரியாது, அவர்கள் தண்ணீர் குடிப்பார்கள், நான் கேவலமாக நினைப்பேன். “தண்ணி குடு” என்கிறேன். கொடுக்கிறாள். குடிக்கிறேன். பெனீட்டா பேனாவை நீட்டுகிறாள், உறவு என்கிற கட்டத்தில் அம்மாவின் அப்பா என்று எழுதுகிறேன், கோட்டின் மேல் கையெழுத்துப் போடுகிறேன், முழுப் பெயர், எழுத்து எழுத்தாக, எப்போதும் போடுகிற மாதிரி. “போட்டுட்டீங்களா, காட்டுங்க” என்று மேதினி தாளை வாங்குகிறாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் பெயரைப் பார்க்கிறாள், ஒரு விரல் அதன் மேல் இடமிருந்து வலமாக மெதுவாக நகர்கிறது, உதடு அசைகிறது. அவள் வெறுமனே பார்க்கிறாளா, படிக்கிறாளா? நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கேட்கக்கூடாது.